சதுரங்கச் சிப் ஒன்றை நீங்களே உருவாக்குவது எப்படி?

1997 மே மாதம் நியூயார்க்கில் உலகச் சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்ற ஐ.பி.எம்.மின் சதுரங்கக் கணினி டீப் புளூவைப் பற்றிப் பலருக்கும் தெரியும். ஆள் உயரக் கருப்புப் பெட்டிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டிகள் ஐ.பி.எம். விற்றுவந்த சாதாரணப் பெருங்கணினிகள்தான். ஆட்டத்தின் பெரும்பாலான கணக்கைச் செய்தவை அவற்றுக்குள் செருகியிருந்த 480 சிறிய சிப்கள். அந்தச் சிப்களுக்குக் கூட்டல் பட்டியல் போடத் தெரியாது, கடிதம் அச்சடிக்கத் தெரியாது. சதுரங்கம் ஒன்றுதான் தெரியும்.

அப்படி ஒரு சிப்பை இன்று உங்கள் மேசையிலேயே செய்துபார்க்கலாம். தொழிற்சாலைக்கு அனுப்பி வார்த்தெடுக்க வேண்டியதில்லை. எஃப்.பி.ஜி.ஏ. என்ற, உள்ளே இருக்கும் சர்க்யூட்டை நாமே எழுதி ஏற்றிக்கொள்ளக்கூடிய சிப் போதும். கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர், சர்க்யூட்டை விவரிக்கும் வெரிலாக் மொழியில் ஒரு கவுண்டரையாவது எழுதிப் பார்த்தவர், சதுரங்க விதிகள் முழுவதும் அறிந்தவர் என்று உங்களை எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். காய்களுக்கு ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்ற பெயர்களையே பயன்படுத்துகிறேன். யானை என்றால் மூலையில் நிற்கும் ரூக்.

தொடங்கும் முன் ஒன்று

இன்று கைப்பேசியில் ஓடும் ஒரு நல்ல சதுரங்க நிரலை உங்கள் முதல் சிப் தோற்கடிக்காது. வேகம் மட்டுமே பலம் என்ற காலம் போய்விட்டது. 2017இல் நியூரல் வலையைக் கொண்டு ஆடிய ஆல்ஃபாஜீரோ என்ற நிரல் நொடிக்குச் சுமார் 80,000 நிலைகளைத்தான் பார்த்தது. எதிரே ஆடிய ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரல் பார்த்தது சுமார் 7 கோடி. வென்றது ஆல்ஃபாஜீரோ. அது ஓடிய டி.பி.யூ. சிப்களும் சதுரங்கத்துக்கென்று செய்தவை அல்ல, நியூரல் வலைகளுக்கானவை.

பிறகு ஏன் இந்த வேலை? சதுரங்கப் பலகையை அப்படியே மின்சுற்றாக மாற்றிவிடலாம் என்பதுதான் காரணம். 64 கட்டங்களும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். யானையின் பாதை ஒரு கம்பி. நடுவில் நிற்கும் காய் அந்தக் கம்பியை அறுக்கும் சுவிட்ச். நிரலில் சுழலும் வரிகளாக எழுதியதெல்லாம் இங்கே ஒரே கடிகாரத் துடிப்பில் நடந்து முடிவதைப் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. வன்பொருள் வடிவமைப்பைக் கற்க இதைவிட நல்ல பயிற்சியும் எனக்குத் தெரியாது. விதிகள் மாறாதவை, சரியா தவறா என்று சொல்லிவிடும் எண்கள் உலகம் முழுக்கத் தெரிந்தவை. அந்த எண்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எதைச் சிப்புக்குள் வைப்பது?

புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். அதனால் சற்று நின்று பார்ப்போம்.

சதுரங்க நிரல் ஒன்றில் மூன்று வேலைகள் உண்டு. இந்த நிலையில் என்னென்ன நகர்வுகள் சாத்தியம் என்று கண்டுபிடிப்பது ஒன்று. ஒரு நிலை யாருக்கு எவ்வளவு நல்லது என்று எண்ணில் சொல்லும் மதிப்பீடு இரண்டாவது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஆழமாகத் தேடிப் பார்ப்பது மூன்றாவது. “நகர்வு கண்டுபிடிக்கும் வேலையை மட்டும் சிப்பிடம் கொடுத்துவிடுவோம், மீதியைக் கணினி பார்க்கட்டும்” என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நிரலின் நேரத்தில் 30 சதவீதம் நகர்வுகளைக் கண்டுபிடிப்பதில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சிப் அந்த நேரத்தைப் பூஜ்யமாகவே ஆக்கிவிட்டாலும் மீதி 70 சதவீதம் அப்படியே நிற்கும். மொத்த வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகாது. அதோடு முடியவில்லை. பலகையின் நிலையைச் சிப்புக்கு அனுப்ப வேண்டுமே! ஒரு கட்டத்துக்கு 4 பிட் என்றால் 64 கட்டங்களுக்கு 256 பிட், அதாவது 32 பைட். பயிற்சிப் பலகைகளில் வரும் சாதாரண சீரியல் இணைப்பு நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் ஓடும். ஒரு பைட்டுக்கு 10 பிட் செலவாகும். ஆக நொடிக்கு 11,520 பைட். 32 பைட் போய்ச்சேரவே சுமார் 2.8 மில்லிநொடி ஆகிறது. நொடிக்குப் பத்து லட்சம் நிலைகளைப் பார்க்கும் ஒரு நிரல் அந்த இடைவெளியில் 2,800 நிலைகளைப் பார்த்து முடித்திருக்கும்.

அதனால் மூன்று வேலைகளும் சிப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். கணினி மேல்மட்டத் தேடலை நடத்தும். “இந்த நிலையிலிருந்து இன்னும் நான்கு நகர்வு ஆழம் பார்த்துச் சொல்” என்று ஒரே ஒரு முறை கேட்கும். சிப் ஆயிரக்கணக்கான நிலைகளைப் பார்த்துவிட்டு ஒரே எண்ணைத் திருப்பித் தரும். டீப் புளூவிலும் வேலை இப்படித்தான் பிரிக்கப்பட்டிருந்தது. நகர்வுகள் கிளைகிளையாகப் பிரியும் தேடல் மரத்தின் மேற்பகுதி கணினியிடம், கடைசி நான்கைந்து மட்டங்கள் சிப்பிடம்.

இந்த இடத்துக்கு வந்துசேர இந்தத் துறைக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் ஜோ காண்டனும் செய்த பெல்லி என்ற இயந்திரத்தின் கடைசி வடிவத்தில் சுமார் 1,700 சிறு சிப்கள் இருந்தன. நொடிக்குச் சுமார் 1,60,000 நிலைகளைப் பார்த்தது. 1980இல் லின்ஸ் நகரில் நடந்த உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியை வென்றது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பெர்லினரும் கார்ல் எபலிங்கும் செய்த ஹைடெக்கில் கட்டத்துக்கு ஒன்றாக 64 சிப்கள். அதே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஃபெங்-சியுங் சு, நகர்வு கண்டுபிடிக்கும் பகுதி முழுவதையும் ஒரே சிப்பில் அடக்கினார். சிப்டெஸ்ட், டீப் தாட் என்று வளர்ந்த அந்தக் கோடுதான் பிறகு டீப் புளூவானது. 1997இன் சிப்பில் மூன்று வேலைகளும் ஒன்றாக இருந்தன. சுமார் 15 லட்சம் டிரான்சிஸ்டர்கள்.

படி 1: முதலில் மென்பொருளில் எழுதி எண்ணுங்கள்

வெரிலாக்கைத் தொடும் முன் உங்களுக்குப் பிடித்த மொழியில் ஒரு சாதாரண நகர்வு கண்டுபிடிப்பானை எழுதுங்கள். வேகம் வேண்டாம், சரியாக இருந்தால் போதும். பிறகு அதை வைத்துப் பெர்ஃப்ட் என்ற சோதனையைச் செய்யுங்கள். ஒரு நிலையிலிருந்து குறிப்பிட்ட ஆழம் வரை சாத்தியமான எல்லா ஆட்ட வரிசைகளையும் எண்ணுவதுதான் பெர்ஃப்ட். தொடக்க நிலையிலிருந்து வர வேண்டிய எண்கள் இவை:

ஆழம் 1: 20
ஆழம் 2: 400
ஆழம் 3: 8,902
ஆழம் 4: 1,97,281
ஆழம் 5: 48,65,609
ஆழம் 6: 11,90,60,324

இதில் ஒன்று குறைந்தாலும் கூடினாலும் எங்கோ பிழை இருக்கிறது. “ஏறக்குறைய வந்துவிட்டது” என்பதற்கு இங்கே இடமே இல்லை.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் முதல் வடிவமைப்பு ஆழம் 4 வரை அச்சுப்பிசகாமல் எண்ணியது. ஆழம் 5இல் 48,65,351 என்று வந்தது. நிறுத்தி மறுபடி ஓட்டினாலும் அதே எண். பலகையின் கடிகார வேகம் அதிகமோ என்று அதைப் பாதியாக்கினேன், அப்போதும் மாறவில்லை. ஒரு வாரம் கம்பி இணைப்பையும் நேரக் கணக்கையும் குடைந்த பிறகுதான் இரண்டு எண்களையும் கழித்துப் பார்க்கத் தோன்றியது. வித்தியாசம் 258. தொடக்க நிலையிலிருந்து ஆழம் 5இல் வரும் என்-பாசாந் வெட்டுகளின் எண்ணிக்கை சரியாக 258. அந்த விதியைக் கையாளும் ஒரு கம்பியை நான் இணைக்கவே இல்லை. எண் தவறாக வந்தால் வேறு எதையும் தொடும் முன் கழித்துப் பாருங்கள். வித்தியாசமே பெரும்பாலும் பிழையின் பெயரைச் சொல்லிவிடும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் எண் மாறினால்தான் நேரக் கணக்கைச் சந்தேகப்பட வேண்டும்.

தொடக்க நிலை மட்டும் போதாது. ஆழம் 6 வரை அதில் ஒரு காஸ்லிங்கூட வராது. சிப்பாய் பதவி உயர்வு அதையும்விடத் தள்ளி வரும். அதனால் கிவிபீட் என்று சதுரங்க நிரலாளர்கள் அழைக்கும் சோதனை நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் எண்கள் 48, 2,039, 97,862, 40,85,603. முதல் ஆழத்திலேயே இரண்டு காஸ்லிங் உண்டு, நான்காம் ஆழத்தில் பதவி உயர்வும் வந்துவிடும்.

படி 2: பலகையும் கருவிகளும்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஒரு கட்டத்தின் சுற்றுக்கு நூறு லட் (எஃப்.பி.ஜி.ஏ.வுக்குள் இருக்கும் அடிப்படைத் தர்க்கக் கூறு) ஆகும் என்று வைத்தால் 64 கட்டத்துக்கு 6,400. தேர்வுச் சுற்று, தேடல், மதிப்பீடு எல்லாம் அதற்கு மேல். லேட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 வகை எஃப்.பி.ஜி.ஏ.க்களில் பெரியதிலேயே 7,680தான் உண்டு. நகர்வு கண்டுபிடிக்கும் பகுதியைப் பழக அது போதும், முழு வேலைக்கு இடம் நெருக்கும். அதே நிறுவனத்தின் இசிபி5 வகையில் சுமார் 24,000 அல்லது அதற்கு மேல் உள்ள பலகையை எடுத்தால் மூச்சுவிட இடம் இருக்கும்.

வெரிலாக்கைச் சர்க்யூட்டாக மாற்றும் யோசிஸ், அதைச் சிப்பில் பொருத்தும் நெக்ஸ்ட்பிஎன்ஆர் இரண்டும் இந்தச் சிப்களுக்கு நன்றாகவே வேலை செய்யும். இரண்டும் இலவசம், மூல நிரலும் திறந்திருக்கிறது. கணினியிலேயே ஓட்டிப் பார்க்க வெரிலேட்டர். வேலையில் பத்தில் ஒன்பது பங்கு வெரிலேட்டரில்தான் நடக்கும், நடக்க வேண்டும். பலகையில் ஏற்றிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பது மிகவும் சிரமம்.

படி 3: ஒரே ஒரு கட்டத்தை எழுதுங்கள்

இதுதான் வேலையின் இதயம். 64 கட்டத்தையும் நினைக்காதீர்கள், ஒன்றை மட்டும் எழுதுங்கள்.

கட்டத்துக்குள் 4 பிட் ரெஜிஸ்டர் ஒன்று. என்ன காய், என்ன நிறம் என்று அது சொல்லும். காலி என்பதற்கும் ஒரு குறியீடு. பக்கத்துக் கட்டங்கள் எட்டிலிருந்தும் கம்பிகள் உள்ளே வருகின்றன, எட்டுக்கும் வெளியே போகின்றன. குதிரைக்குத் தனியாக எட்டு.

வடக்குத் திசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்தக் கட்டம் வடக்கே எப்போது “ஆம்” என்று அனுப்ப வேண்டும்? இரண்டு சந்தர்ப்பங்களில். இங்கே ஆட வேண்டிய பக்கத்தின் யானையோ ராணியோ நின்றால். இல்லாவிட்டால், இந்தக் கட்டம் காலியாக இருந்து தெற்கிலிருந்து “ஆம்” வந்தால். அவ்வளவுதான், ஒரு ‘அல்லது’, ஒரு ‘மற்றும்’.

டி1இல் வெள்ளை யானை, டி4இல் கருப்புக் குதிரை, இடையில் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டி1 வடக்கே “ஆம்” என்கிறது. டி2 காலி, கடத்துகிறது. டி3 காலி, அதுவும் கடத்துகிறது. டி4இல் எதிரியின் காய். அது கடத்தாது, ஆனால் “எனக்கு வெட்டு இருக்கிறது” என்று தெரிந்துகொள்ளும். டி5க்கு எதுவும் போகாது. யானை எவ்வளவு தூரம் போகும் என்று யாரும் சுழன்று சுழன்று எண்ணவில்லை. மின்னோட்டம் போய் நின்ற இடம்தான் விடை. பலகையிலுள்ள எல்லா யானைகளுக்கும் பிஷப்புகளுக்கும் ராணிகளுக்கும் இது ஒரே துடிப்பில் நடக்கிறது.

கருவி சில சமயம் “வளையம் இருக்கிறது” என்று எச்சரிக்கும். ஒவ்வொரு திசைக்கும் தனித்தனிக் கம்பி வைத்திருந்தால் வளையம் வரவே வராது. வடக்கே போவது வடக்கேதான் போகும். எச்சரிக்கை வந்தால் இரு திசைகளை எங்கோ ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள் என்று பொருள்.

சிப்பாயில் கவனம் தேவை. நேரே நடக்கிறது, குறுக்கே வெட்டுகிறது. நடைக்கும் வெட்டுக்கும் தனிக் கம்பிகள் வையுங்கள். வெள்ளைக்கும் கருப்புக்கும் திசையும் வேறு.

ஒரு கட்டம் சரியானதும் வெரிலாக்கின் ஜெனரேட் சுழற்சியால் 64ஆகப் பெருக்கிக்கொள்ளலாம். விளிம்புக் கட்டங்களில் வெளியிலிருந்து வரும் கம்பிகளைப் பூஜ்யத்தில் கட்டிவிடுங்கள்.

படி 4: யாரை வெட்டுவது, யார் வெட்டுவது

இப்போது வெட்டு வாங்கக்கூடிய கட்டங்கள் எல்லாம் கை தூக்கி நிற்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெல்லியில் தொடங்கிய முறை இன்னும் அழகானதாகவே எனக்குப் படுகிறது. இரண்டு பாகமாக நடக்கும்.

முதலில் “பலி எது?” ஒவ்வொரு கட்டமும் தன் காயின் மதிப்பைச் சொல்கிறது. இரண்டிரண்டாக ஒப்பிட்டு, பெரியதை மேலே அனுப்பும் மரம் ஒன்று. 64 என்பதால் ஆறே மட்டங்கள். உச்சியில் வருவது மதிப்பு மிகுந்த பலி.

பிறகு “யார் வெட்டுகிறார்?” தேர்ந்தெடுத்த பலிக் கட்டத்திலிருந்து எல்லாக் காய்களும் நகரும் எல்லா வழிகளிலும் சிக்னல் வெளியே போகிறது. ஆடும் பக்கத்தின் எந்தக் காய்க்கு அதன் வழியில் அந்த சிக்னல் வந்துசேருகிறதோ அது கை தூக்கும். இந்த முறை மதிப்புக் குறைந்த காயைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆக, சிப்பாயால் ராணியை வெட்ட முடிந்தால் அதுதான் முதலில் வெளியே வரும்.

இந்த வரிசை ஏன் முக்கியம்? ஒரு நிலைக்கு 35 நகர்வுகள், ஆறு ஆழம் என்றால் 35ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். 183 கோடிக்கு மேல் போகும். பயனில்லாத கிளைகளைப் பாராமல் விடும் ஆல்ஃபா-பீட்டா முறையில் ஒவ்வொரு இடத்திலும் சிறந்த நகர்வையே முதலில் பார்த்துவிட்டால் சுமார் 86,000 போதும். எப்போதும் சிறந்ததே முதலில் வராதுதான். ஆனாலும் பெரிய காயைச் சின்னக் காயால் வெட்டுவதை முதலில் பார்ப்பது வியக்கத்தக்க அளவு வேலையைக் குறைக்கும். மென்பொருளில் இந்த வரிசைப்படுத்தலுக்கு நேரம் செலவாகும், இங்கே கம்பி அமைப்பிலேயே கிடைத்துவிடுகிறது.

வெட்டுகள் தீர்ந்த பிறகு காலிக் கட்டங்களையே “பலி” என்று வைத்து, நடுவிலுள்ள கட்டங்களுக்கு அதிக மதிப்புக் கொடுத்து, அதே சுற்றை மறுபடி ஓட்டுங்கள். சாதாரண நகர்வுகளும் கிடைத்துவிடும்.

ஒரு நகர்வைப் பார்த்து முடித்ததும் அடுத்தது வர வேண்டுமே! ஏற்கெனவே பார்த்தவற்றை மறைக்க ஒவ்வொரு ஆழத்துக்கும் பலிக்கு ஒன்று, வெட்டும் காய்க்கு ஒன்று என்று 64 பிட் மறைப்புகளைச் சேமிக்கலாம். அல்லது கடைசியாகப் பார்த்த நகர்வை மட்டும் வைத்துக்கொண்டு, வரிசையில் அதற்கு முன் வந்திருக்கக்கூடிய எல்லாவற்றையும் அடைத்துவிடலாம். இரண்டாவது வழி நினைவகத்தை மிச்சப்படுத்தும். முதல் முறை செய்பவர் முதல் வழியில் போகட்டும், பிழை பிடிப்பது எளிது.

படி 5: விதிகளின் மூலைகள்

நகர்வு விதிப்படி சரியா, நம் ராஜாவைச் செக்கில் விட்டுவிட்டோமா என்பதற்குத் தனிச் சுற்று தேவையில்லை. நகர்த்திப் பாருங்கள், பக்கத்தை மாற்றுங்கள், “பலி எது?” என்று கேளுங்கள். ராஜாவுக்கு எல்லாவற்றையும்விட அதிக மதிப்புக் கொடுத்திருப்பதால் ராஜா தாக்கப்பட்டால் அதுதான் முதலில் வரும். வந்தால் போட்ட நகர்வு செல்லாது, திரும்பிப் போக வேண்டும். இதனால் ஒரு பெரிய தலைவலியும் தானாகவே தீருகிறது. என்-பாசாந்தில் ஒரே வரிசையிலிருந்து இரண்டு சிப்பாய்கள் ஒன்றாக மறையும்போது பின்னால் நிற்கும் யானை ராஜாவைப் பார்த்துவிடுவதுண்டு. மென்பொருளில் பலரையும் ஏமாற்றும் இடம் அது.

என்-பாசாந்தில் பலி நிற்கும் கட்டமும் நம் சிப்பாய் போய்ச்சேரும் கட்டமும் வேறு வேறு. நகர்த்தும்போதும் திருப்பி எடுக்கும்போதும் இரண்டையும் தனித்தனியே கையாளுங்கள். பதவி உயர்வில் ஒரே சிப்பாய், ஒரே கட்டம், ஆனால் நான்கு நகர்வுகள். இரண்டு பிட் கவுண்டர் ஒன்று வைத்தால் முடிந்தது.

காஸ்லிங்கில் ராஜா நிற்கும், கடக்கும், போய்ச்சேரும் மூன்று கட்டங்களும் தாக்கப்படக் கூடாது. ராணிப் பக்கம் செய்யும்போது பி1 காலியாக இருக்க வேண்டும், ஆனால் தாக்கப்பட்டால் பரவாயில்லை. கிவிபீட் எண் இடித்தால் முதலில் இங்கே பாருங்கள். யானையை எதிரி வெட்டிவிட்டாலும் அந்தப் பக்கத்துக் காஸ்லிங் உரிமை போய்விடும் என்பதையும் சேருங்கள்.

படி 6: நேரத்தைச் சரிபாருங்கள்

சிக்னல் அதிக தூரம் போகும் வழியைப் பாருங்கள். ஏ1இலிருந்து ஏ8 வரை ஏழு கட்டங்களைத் தாண்டி, அப்புறம் ஆறு மட்டத் தேர்வு மரத்தில் ஏற வேண்டும். இதெல்லாம் ஒரே துடிப்புக்குள் முடியாவிட்டால் விடை குளறும். இரண்டுக்கும் நடுவே ரெஜிஸ்டர் வரிசை ஒன்றைப் போட்டு இரண்டு துடிப்பாகப் பிரிப்பது நல்லது. கடிகார வேகம் குறைவாக இருக்கிறதே என்று மனம் தளர வேண்டாம். டீப் புளூ சிப்பின் ஒரு துடிப்பே 40 முதல் 50 நானோநொடி. ஒரு நிலைக்குச் சுமார் பத்துத் துடிப்பு. அப்படித்தான் ஒரு சிப் நொடிக்கு 20 முதல் 25 லட்சம் நிலைகளைப் பார்த்தது. உங்கள் பலகை 50 மெகாஹெர்ட்ஸில் ஓடி, ஒரு நிலைக்குப் பத்துத் துடிப்பு எடுத்தால் நொடிக்கு 50 லட்சம்.

இந்த இடத்தில் பெர்ஃப்ட்டை முதல்முறையாகப் பலகையிலேயே ஓட்டுங்கள். மென்பொருள் எண்ணோடு ஒன்றுவிடாமல் பொருந்தும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 7: மதிப்பீடு

எளிமையாகத் தொடங்குங்கள். 12 வகைக் காய், 64 கட்டம். ஆக 768 எண்கள் கொண்ட அட்டவணை. “வெள்ளைக் குதிரை எஃப்3இல் நின்றால் இவ்வளவு” என்று ஒவ்வொன்றும் சொல்லும். இது எஃப்.பி.ஜி.ஏ.வின் உள் நினைவகத்தில் எளிதாக அடங்கும். ஒவ்வொரு நகர்விலும் பழைய கட்டத்தின் எண்ணைக் கழித்துப் புதியதைக் கூட்டினால் போதும், முழுப் பலகையையும் மறுபடி கூட்ட வேண்டாம்.

டீப் புளூவின் சிப்பில் சுமார் 8,000 அம்சங்களைப் பார்க்கும் மதிப்பீடு இருந்தது. விரைவானது ஒன்று, மெதுவானது ஒன்று என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். விரைவான மதிப்பீட்டிலேயே நிலையின் மதிப்பு தேடலின் எல்லைக்கு வெகுதூரம் வெளியே என்று தெரிந்தால் மெதுவானதை ஓட்டவே மாட்டார்கள். இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய நிரல்களில் இருக்கும் சிறு நியூரல் வலையை வைக்க ஆசை வரும். 2018இல் யூ நாசு ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக உருவாக்கிய என்.என்.யூ.ஈ. முறைதான் 2020இல் ஸ்டாக்ஃபிஷ் 12க்கும் வந்தது. எட்டு பிட் பெருக்கல்களுக்கு எஃப்.பி.ஜி.ஏ. நன்றாகவே ஒத்துவரும். ஆனால் அட்டவணை முறை முழுதாக ஓடி, ஒரு ஆட்டமாவது முடிந்த பிறகு அதைத் தொடுங்கள்.

படி 8: தேடல்

வன்பொருளில் ஒரு செயல்கூறு தன்னையே அழைப்பது என்று எதுவும் கிடையாது. நாமே ஒரு அடுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஆழத்துக்கும் போட்ட நகர்வு, வெட்டுப்பட்ட காய், காஸ்லிங் உரிமைகள், என்-பாசாந் செங்குத்து வரிசை, மறைப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். நிலை இயந்திரம் ஒன்று சுற்றி வரும்: அடுத்த நகர்வைக் கேள், போடு, ஆழம் முடிந்ததா பார், மதிப்பிடு, திரும்பு.

ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு எல்லைகளையும் ஒவ்வொரு ஆழத்திலும் தூக்கிச் சுமக்க வேண்டாம். டீப் புளூ சிப் செய்தது இன்னும் எளிது. எல்லையின் அகலம் பூஜ்யம். “இந்த நிலை இந்த எண்ணைவிட நல்லதா, இல்லையா?” என்ற ஒரே கேள்வி. விடை ஒரு பிட். சரியான மதிப்பு வேண்டுமானால் கணினி அந்த எண்ணை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொள்ளும்.

ஆழம் முடிந்த இடத்தில் வெட்டுகள் பாக்கி இருந்தால் அவற்றை மட்டும் தொடர்ந்து பாருங்கள். இல்லாவிட்டால் ராணியைக் கொடுத்துச் சிப்பாயை வாங்கிய நகர்வு நல்லதென்று சிப் சொல்லிவிடும். நம் சுற்று வெட்டுகளையே முதலில் தருவதால், சாதாரண நகர்வு வந்ததும் நிறுத்து என்று ஒரு நிபந்தனை போட்டால் போதும். ஒரே நிலை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிக்கும் பகுதியை முதல் வடிவத்தில் கணினியிடமே விட்டுவிடுங்கள்.

படி 9: கணினியோடு இணைத்து ஆட விடுங்கள்

கணினியில் ஒரு சிறு நிரல் எழுதுங்கள். மேல்மட்டத் தேடல், ஏற்கெனவே பார்த்த நிலைகளின் அட்டவணை, ஆட்ட நேரக் கணக்கு, சதுரங்க நிரலும் திரையும் பேசிக்கொள்ளும் யூ.சி.ஐ. நெறிமுறை எல்லாம் அதன் பொறுப்பு. யூ.சி.ஐ. இருந்தால் எந்தச் சதுரங்கத் திரையிலும் உங்கள் சிப்பைப் பொருத்தி ஆடலாம். ஒவ்வொரு முறை சிப்பைக் கேட்கும்போதும் முழுப் பலகையை அனுப்பாமல் நகர்வுகளை மட்டும் அனுப்புங்கள். ஒரு நகர்வுக்கு இரண்டு பைட் போதும்.

சிப்புக்குள் இரண்டு கவுண்டர்களைக் கட்டாயம் வையுங்கள். வேலை செய்த துடிப்புகள் எத்தனை என்று ஒன்று, கேள்விக்காகச் சும்மா காத்திருந்த துடிப்புகள் எத்தனை என்று இன்னொன்று. முதல் ஆட்டம் முடிந்ததும் இரண்டையும் படித்துப் பாருங்கள். காத்திருந்த எண் பெரிதாக இருந்தால் சிப்பிடம் கொடுக்கும் ஆழத்தை ஒன்று கூட்டுங்கள், மறுபடி பாருங்கள். வேகம் போதவில்லை என்று இரண்டாவது பலகையை வாங்கும் முன்னும் இந்த எண்ணைப் பாருங்கள். 480 சிப்பும் முழு வேகத்தில் ஓடியிருந்தால் டீப் புளூ நொடிக்குச் சுமார் 100 கோடி நிலைகளைப் பார்த்திருக்க வேண்டும். ஆட்டத்தில் உண்மையில் கிடைத்தது 10 கோடி முதல் 20 கோடி வரைதான். வேலையை இத்தனை சிப்களுக்குப் பங்கிட்டு, யாரும் சும்மா இராமல் பார்த்துக்கொள்வது அவர்களுக்கே அவ்வளவு கடினமாக இருந்தது.